கழுத்துக்குள் நடப்பவர்

ஜனவரி 18, வியாழன்

டாக்டரம்மா எழுதச் சொல்லிவிட்டார், எழுதுகிறேன். "சத்தம் எப்ப வருது, எப்ப நிக்குதுன்னு ஒரு நோட்டுல குறிச்சுட்டு வாங்கம்மா" என்றார். பள்ளிக்கூடத்திலேயே வீட்டுப்பாடம் எழுதாதவள் நான். இந்த வயதில் வந்து மாட்டியிருக்கிறது.

சத்தம் இடது காதில். தோசை ஊற்றும்போது இருந்தது. குளிக்கும்போது இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஈர வேட்டியோடு ஒருவர் பின்னால் நடந்து வருவதுபோல, சளப், சளப் என்று. நான் நின்றால் அவர் நிற்பதில்லை. நான் மாடிப்படி ஏறினால் அவர் வேகமாக வருகிறார்.

இடது தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவில் ஒரு கட்டி. வலி கிடையாது. பக்கவாட்டில் தள்ளினால் நகரும், மேலும் கீழும் தள்ளினால் அசையாது. விரல் வைத்தால் உள்ளேயிருந்து விரலைத் தட்டும். இங்கே ஒரு டாக்டர் காசநோய்க் கட்டி என்றார். மாதக்கணக்காக மாத்திரை விழுங்கி மூத்திரம் சிவந்ததுதான் மிச்சம். மதுரையில் இந்த டாக்டரம்மா பெனடிக்டாதான் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைக்காமல் நேராகக் கட்டியின்மேல் வைத்தார். வைத்ததும் முகம் மாறிவிட்டது. "இதுல யாராவது ஊசி குத்தி எடுத்தாங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்றதும்தான் மூச்சு விட்டார். எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

டாக்டரம்மாவுக்காக இன்னொன்றும் குறித்துவைக்கிறேன். என் தொழில் சாவு சொல்வது. அம்பாசமுத்திரத்தில் யார் போய்ச் சேர்ந்தாலும் என் தொண்டை வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். வீட்டுக்காரர் குத்தாலிங்கம் ஆட்டோ ஓட்டுவார், நான் பின்னால் மைக்கோடு உட்கார்ந்திருப்பேன். ஆடித் தள்ளுபடி, குடிதண்ணீர் வராது, காணாமல்போன ஆடு, எல்லாம் சொல்வேன். ஆனால் சாவென்றால்தான் ஜனம் அடுப்பைக் குறைத்துவிட்டு வாசலுக்கு வரும்.

ஜனவரி 21, ஞாயிறு

ரேஷன் கடைக்காரர் தகப்பனார் காலமானார். எல்லாத் தெருவும் சுற்றினோம். சத்தம் கூடவே வந்தது.

எங்கள் மைக்கிற்கு ஒரு சட்டம் உண்டு. அப்பா இதே தொழில் செய்த காலத்திலிருந்து வருகிறது. செத்தவர் பெயரோடு மைக்கை அணைக்கக்கூடாது. அணைத்தால் அந்தப் பெயர் தொண்டையிலேயே தங்கிவிடும் என்பார். அதனால் சுற்று முடிந்ததும், உயிரோடு இருக்கும் ஒருவர் பெயரைச் சொல்லி, அவர் பதில் சொன்ன பிறகுதான் அணைக்க வேண்டும். எங்கள் சுற்று முடிவது ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், அண்ணனின் வெல்டிங் பட்டறை வாசலில். நான் "சொரிமுத்து" என்பேன். உள்ளேயிருந்து "இருக்கேன்!" என்று தகரம் அதிரக் கத்துவான். கேட்கவே கும்மாளமாக இருக்கும்.

இன்று கத்தவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினான். பொங்கலுக்கு நான் எடுத்துக்கொடுத்த சட்டை பிடிக்கவில்லை போல, முறுக்கிக்கொண்டு இருக்கிறான். வழக்கம்போல் கழுத்தைச் சுற்றித் துண்டு. பொறி பறந்து விழுமாம். ஞாயிற்றுக்கிழமை என்ன பொறி பறக்கிறதோ!

ஜனவரி 30, செவ்வாய்

மதுரை. ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி டாக்டரம்மா காட்டினார்.

"மூளைக்கு ரத்தம் கொண்டு போற பெரிய குழாய் இந்த இடத்துல ரெண்டாப் பிரியுதும்மா. அந்தக் கவட்டையில அரிசி அளவுக்கு ஒரு உறுப்பு எல்லாருக்கும் இருக்கு. உங்களுக்கு அது வளந்துருச்சு. உள்ள முழுக்க ரத்தம். உங்க ரத்தம் ஓடுற சத்தந்தான் உங்க காதுல கேக்குது."

"புத்துநோயா டாக்டரம்மா?"

"பெரும்பாலும் இருக்காது. ரொம்ப அபூர்வமா வர்ற கட்டி இது."

"அதான பாத்தேன். லாட்டரிச் சீட்டு எடுத்தா மட்டும் நமக்கு விழாது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கூட வந்திருந்த இவர், என் வீட்டுக்காரர், என் கையைப் பிடித்துக்கொண்டார், எல்லார் முன்னாலும்.

அறுவை செய்துதான் எடுக்க வேண்டுமாம். குரலுக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டிக் கிடக்கிறதாம். நரம்பைக் காப்பாற்றப் பார்ப்பாராம், வாக்குக் கொடுக்க முடியாதாம். விட்டுவைத்தால் மெல்ல வளரும், விழுங்க முடியாமல் புரையேறும், குரல் தானாகவே கம்மிப்போகும், நாக்கு ஒருபக்கம் இழுக்கும், அப்புறம் எடுக்கவே முடியாமல் போகும்.

"வீட்ல வேற யாருக்கும் இந்த மாதிரி இருந்துச்சா?"

"எங்கப்பாவுக்கு."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். இது தகப்பன் வழியாகத்தான் வெளியே வருமாம். பெண்ணிடம் வந்தால் அவளைப் படுத்தும், ஆனால் அவள் பிள்ளைகளிடம் தூங்கிக் கிடக்கும். ஆணிடம் போனால் அவன் பிள்ளைகளிடம் எழுந்துகொள்ளும். எனக்குப் பிள்ளை இல்லை. அண்ணனுக்கு ஒரே மகள், அபிநயா. மதினி இறந்தபின் நான் சோறூட்டி வளர்த்த பிள்ளை. கல்லூரிக்குப் போகிறது.

"உங்க அண்ணனையும் அந்தப் பிள்ளையையும் உடனே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அண்ணன் துண்டைப் பற்றி நான் நினைக்கவே இல்லை, இப்போது எழுதும்போதுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பட்டறைக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் கேட்டுக்கொண்டே டீ குடித்தான். புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவசரமாகக் குடித்தால் அப்படித்தான்.

"ஒனக்கு வந்துருக்கு, நீ பாரு. எனக்கு ஒண்ணுங் கெடையாது" என்றான். குரல் கீறலாக வந்தது. வெல்டிங் புகை.

"துண்ட எடு. நான் பாக்கேன்."

"ஏட்டி, சோலியப் பாத்துட்டுப் போ."

"சவத்த மூதி, ஒனக்கு இல்லன்னா எடுக்கதுக்கு என்ன? ஒரு புள்ள இருக்குல்லா ஒனக்கு? அவளுக்காவது பாக்காண்டாமா?"

"கத்தி வைக்க விடமாட்டேன். ஆவுடை, அன்னைக்கு நீ வெளிய நின்ன. நான் உள்ள நின்னேன்."

அதோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பாவுக்கு அந்தக் கட்டி வந்தபோது கண்டமாலை என்று சொல்லி ஒரு நாட்டு வைத்தியன் வீட்டிலேயே கத்தியால் கீறினான். ரத்தம் நிற்கவில்லை. வேட்டி, சேலை, போர்வை என்று எதை வைத்து அமுக்கினாலும் நிற்காமல் அப்பா போய்ச் சேர்ந்தார். சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அண்ணன். வாசலில் நின்ற எனக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான். ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து போடும் சத்தம்.

பிப்ரவரி 7, புதன்

சத்தம் நாள் முழுக்க. ஈர வேட்டியோடு நடப்பவர் யார் என்று தெரிந்துவிட்டதால் இன்று திரும்பிப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

மானம் போயிற்று. பள்ளிவாசல் தெருவில் அறிவிப்பு பாதியில் இருந்தது. காதுக்குள் நடை அதிகமாகி, என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கட்டியை விரலால் அழுத்தினேன். அழுத்தினால் அவர் நின்றுவிடுவார், முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தேன். நின்றார். எல்லாமே நின்றது. கண் விழித்தபோது ஆட்டோவில் மல்லாந்து கிடக்கிறேன், சுற்றிலும் முகங்கள்.

"அன்னாரதுன்னு சொன்ன, அதோட மைக்குல ஒன் மூச்சு மட்டும் கேட்டுச்சு" என்றார் இவர்.

கூட்டத்தில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: "எத்தன பேரச் சொல்லிருப்பா? எல்லாரும் கழுத்துல வந்து உக்காந்துட்டாவ."

"ஆமாடி, ஒன் மாமியாளுந்தான் உக்காந்திருக்கா. கூப்பிடட்டுமா?" என்றேன். ஓடிவிட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்தபின் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை.

டாக்டரம்மாவிடம் போனில் சொன்னதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த இடத்தை அழுத்தினால் இதயம் ஒரு கணம் தடுமாறுமாம். இனிமேல் தொடவே கூடாதாம்.

பிப்ரவரி 24, சனி

குரலைச் சேமித்தோம். இவர் யோசனைதான். பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, மெத்தையைச் சன்னலில் சாய்த்துவைத்து, துண்டு துண்டாகப் பேசிப் பதிவுசெய்தேன். "வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்." "அன்னாரது இறுதி ஊர்வலம்." "மாலை நான்கு மணியளவில்." எல்லாத் தெருப் பெயர்களும். ஊரில் அதிகமாக இருக்கும் பெயர்களும். இவர் கம்ப்யூட்டரில் ஒட்டி, தேவைக்கு ஏற்றபடி கோத்துக்கொள்வாராம். சுப்பையா, லட்சுமி, இசக்கி, பீர்முகம்மது, மரியம்மாள் என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லாரும் நன்றாக உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் உடம்பு சிலிர்த்தது.

கடைசியில் தொண்டை காய்ந்துவிட்டது என்று சொல்லி இவரை டீ வாங்க அனுப்பினேன். வருவதற்குள் நானே ஒன்று பேசி வைத்தேன். எதற்கும் இருக்கட்டும்.

மார்ச் 4, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரி. நாளைக்குத் தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, கட்டிக்கு ரத்தம் போகும் வழிகளை அடைப்பார்களாம். மறுநாள் அறுவை. அப்படிச் செய்தால் ரத்தச் சேதம் குறையும் என்று டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். மூத்திரம், ரத்த அழுத்தம் எல்லாம் முன்பே சோதித்துவிட்டார்கள்.

அண்ணன் வரவில்லை. அபிநயா வந்திருக்கிறாள். போனை வைத்துக்கொண்டு, "அத்தை, ஏதாவது பேசுங்க, எடுத்து வச்சுக்கிடுதேன்" என்றாள். என்ன பேச? "நல்லாச் சாப்பிடு, ஈரத்தலையோட படுக்காத" என்றேன். அழுதுவிட்டாள். நானும் அழுதேன். சாகப் பயமாக இல்லை. குரல் இல்லாமல் பிழைப்பதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 12, செவ்வாய்

கட்டி போய்விட்டது. புற்றுநோய் இல்லை. குரலும் போய்விட்டது.

நரம்பு கட்டிக்குள்ளேயே ஓடியதாம், விட்டுவைக்க வழி இல்லையாம். டாக்டரம்மா கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். ஒருபக்கக் குரல்நாண் அசையாது, பயிற்சி செய்தால் கொஞ்சம் தேறும், பழைய குரல் வராது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. தண்ணீர் குடிக்கக்கூட முகவாயைத் தாழ்த்திக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காதில் சத்தம் இல்லை. நடந்தவர் போய்விட்டார். எங்கே போனார் என்றுதான் தெரியவில்லை.

மார்ச் 27, புதன்

வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மத்தியானம். தெருமுனையில் என் குரல் கேட்டது.

"வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்."

கணீரென்று, முழுசாக, நோய்நொடி இல்லாத என் குரல். திரும்பி என் தெருவுக்குள் வந்தது. பக்கம் வர வர கீரையை அப்படியே போட்டுவிட்டேன். பிள்ளையார்கோயில் தெரு இசக்கி காலமாகிவிட்டாராம். நான் "இசக்கி" என்று சொன்ன நாளில் மனிதர் என் வாசல் வழியாகத்தான் சைக்கிளில் போனார். குரல் என் வாசலைக் கடந்து போனது. எழுந்து போய் அதைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. கூப்பிட்டேன். காற்றுதான் வந்தது.

சுற்று முடிந்ததும் இவர் சட்டப்படி "சொரிமுத்து" என்ற பதிவுத் துண்டைப் பட்டறை வாசலில் போட்டாராம். அண்ணன் வெளியே வரவே இல்லையாம். "உள்ள இருந்து ஒரு முனகல் கேட்டுச்சு. அதப் பதில்னு எடுத்துக்கிட்டு அணைச்சுட்டேன்" என்றார். வெல்டிங் புகை என்று இனிமேல் நான் எழுதமாட்டேன்.

ஏப்ரல் 3, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேலத்தெருவில் ஒரு சாவு. நானும் சும்மா ஆட்டோவில் போனேன், வீட்டில் இருந்தால் கோட்டி பிடித்துவிடும். சுற்று முடிந்து பட்டறைக்கு எதிரே நிறுத்திவிட்டு இவர் டீக்கடைக்குப் போனார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கிப் பெட்டி தானாகப் பேசத் தொடங்கியது. நான் தொடவில்லை.

"வருத்தத்துடன் தெரிவிக்கிறோம். ரயில்வே கேட் வெல்டிங் பட்டறை சொரிமுத்து அவர்கள், தகப்பனார் மாடசாமி போன அதே வழியில் இன்று காலமானார். அன்னார், தங்கை ஆவுடைச்செல்வியையும், தாயில்லாத மகள் அபிநயாவையும் விட்டுச் சென்றுள்ளார்."

உள்ளே பொறி பறப்பது நின்றது. பெட்டி மறுபடியும் முதலிலிருந்து சொன்னது. எதிர்வீட்டு அம்மாள் "ஐயோ சொரிமுத்து!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அதே நேரத்தில் முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அண்ணன் வாசலுக்கு வந்தான். அந்த அம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் என்னைப் பார்த்தான். என் வாய் மூடியிருந்தது. என் குரல் மட்டும் அவனுடைய சாவைச் சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் கத்தினான், வாய் அசைந்தது, அவனுக்கும் காற்றுதான் வந்தது.

இவர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். "இது எப்பிடி இதுக்குள்ள வந்துச்சு ஆவுடை?" என்றார். பேச்சுக்குப் பதிலாக வைத்திருக்கும் சிலேட்டில் "தெரியாது" என்று எழுதிக் காட்டினேன். நேராக ஆற்றுப் பாலத்துக்குப் போய் என் பதிவுகள் இருந்த பென் டிரைவைத் தாமிரபரணியில் எறிந்துவிட்டு வந்து, கம்ப்யூட்டரில் இருந்ததையும் அழித்தார். என் குரல் அதோடு சரி.

ஏப்ரல் 4, வியாழன்

காலையில் அண்ணன் வந்தான். விஷயம் கேள்விப்பட்டுச் சொந்தக்காரர் ஒருவர் கல்லிடைக்குறிச்சியிலிருந்து மாலையோடு வந்துவிட்டாராம். அந்த மாலையைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டான். பிறகு துண்டை எடுத்தான்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆரஞ்சுப்பழம் அளவுக்கு இருக்கிறது. தோலுக்கு அடியில் அது துடிப்பது நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது. என்னைவிட்டுப் போனவர் எங்கே இருக்கிறார் என்று அப்போது தெரிந்தது.

"நேத்து ராத்திரி அபிநயா என் பக்கத்துலயே உக்காந்திருந்தா" என்றான், கீறல் குரலில். "மூச்சு விடுதேனான்னு மூக்குல கைய வச்சுப் பாக்கா. என்ன செய்யணும், சொல்லு."

அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்புறம் சிலேட்டில் பஸ் நேரத்தை எழுதினேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

அண்ணனுக்கு அறுவைக்கு நாள் குறித்துவிட்டார்கள். கஷ்டம்தான், ஆனால் எடுக்கலாம், இன்னும் தாமதித்திருந்தால் முடியாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அபிநயாவுக்கும் இருக்கிறது. வலது பக்கம், பட்டாணி அளவு. இப்போதே தெரிந்ததால் பயப்பட வேண்டாம், வருடாவருடம் பார்த்துக்கொள்ளலாம், வளர்ந்தால் குரலுக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம் என்கிறார். பிள்ளை அமைதியாகக் கேட்டுவிட்டு, "எனக்கும் சத்தம் கேக்குமா அத்தை?" என்றாள். கேட்காது என்று தலையை ஆட்டினேன். எனக்கு எப்படித் தெரியும்?

மே 14, செவ்வாய்

நேற்று அண்ணனுக்கு அறுவை. இருட்டும்வரை நடந்ததாம். என்னை வரக்கூடாது என்று சொல்லிவிட்டான். "நீ வந்தா சாவு சொல்ல வந்த மாதிரி இருக்கும், ஊர்லயே இரி." காலைவரை கண் விழிக்கவில்லை என்று அபிநயா சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழத்தெருவில் ஒரு சாவு. பதிவு செய்த குரல் ஆற்றோடு போயிற்று. பயிற்சியில் தேறியிருக்கும் இந்தக் காற்றுக்குரலோடு நானே மைக்கைப் பிடித்தேன். ஓலைப்பாயை இழுக்கிற மாதிரி இருக்கிறது. சின்னப்பிள்ளைகள் அம்மா முந்தானைக்குள் ஒளிந்தன. பரவாயில்லை, வாசலுக்கு எல்லாரும் வந்தார்கள்.

பட்டறை பூட்டிக் கிடந்தது. வாசலில் நிறுத்தினோம். "சொரிமுத்து" என்றேன். பதில் இல்லை. மைக் இரைந்துகொண்டே இருந்தது.

"அணைச்சுரு ஆவுடை. அவன் ஊர்லயே இல்லயே" என்றார் இவர்.

அணைக்க எனக்குக் கை வரவில்லை. போனில் அபிநயாவைக் கூப்பிட்டேன். "அத்தை, இப்பத்தான் உள்ள விட்டாங்க. கண்ணத் தொறந்திருக்காரு, பேசவேண்டாம்னு..." என்றாள். "காதுல வையி" என்றேன். போனை மைக்கோடு சேர்த்துப் பிடித்தேன். ஆஸ்பத்திரி மெஷினின் பீப், பீப் தெரு முழுக்கக் கேட்டது.

"சொரிமுத்து."

பீப், பீப். போனவரின் காலடி அதற்குள் இருக்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். இல்லை. பிறகு ஒலிபெருக்கியில் ஒரு மூச்சு வந்தது. மூச்சுக்குப் பின்னால் குரல் வந்தது. அது அண்ணன் குரல் இல்லை. கடைசிக் காலத்தில் அப்பா பேசிய குரல்.

"இருக்கேன்."

எதிர்வீட்டு அம்மாள் கதவைப் படாரென்று சாத்தினாள். அடுத்தடுத்த வீடுகளிலும் சாத்தினார்கள்.

நான் மைக்கை அணைத்தேன்.